ஈரப்பெட்டியில் வைத்த முந்திரி இலை

எங்கள் விருத்தாசலத்தில் எது கருத்தாலும் சூளைதான் காரணம். கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியில் புள்ளி விழுந்தால் சூளை. மாடியில் பிழிந்த வடகம் நிறம் மாறினால் சூளை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை கொஞ்சம் கருப்பாக இருந்ததற்கு, "வூடு சூளைக்குப் பக்கமாங்க?" என்று கேட்ட பெரியம்மா ஒருத்தி எங்கள் தெருவிலேயே உண்டு. பீங்கான் விளக்கும் பொம்மையும் செய்து வெளியூருக்கு அனுப்பிப் பிழைக்கிற ஊர் இது. சூளை சோறும் போடும், திட்டும் வாங்கித் தரும்.

அதனால் என் அண்ணனுடைய முந்திரித் தோப்பில் இலைகள் கருகத் தொடங்கியபோது யாரும் வேறு காரணம் தேடவில்லை. தோப்பின் மூலையில் என் சூளை இருந்தது. அதுவும் விறகுச் சூளை. பற்றவைத்த புதிதில் அது விடுகிற புகையைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கும்.

அப்பா போன பிறகு பாகம் பிரித்தோம். மரங்கள் நின்ற செம்மண் மேடு அண்ணனுக்கு வந்தது, ரோட்டோரக் கொட்டகையும் அதைச் சுற்றிய கொஞ்ச இடமும் எனக்கு வந்தன. என் கணவருக்குப் பெண்ணாடத்தில் வேலை. அவர் காலையில் பஸ் ஏறிப் போனால் இருட்டித்தான் வருவார். நான் கொட்டகையில் சக்கரம் போட்டேன், சூளை கட்டினேன், உதவிக்கு ஓர் அக்காவை வைத்துக்கொண்டேன். விளக்கு, கொலு பொம்மை, சின்னத் தட்டு என்று என் கையால் செய்ததை என் சூளையிலேயே சுட்டு விற்றேன். அந்தச் சூளைதான் நான் என்று சொன்னாலும் தப்பில்லை.

கார்த்திகை மழை விட்ட ஒரு காலையில் அண்ணன் கொட்டகை வாசலில் வந்து நின்றார். கையில் முந்திரிக் கிளை ஒன்று. அதன் தளிர் இலைகளில் செம்பழுப்பாகத் திட்டுத் திட்டாக விழுந்திருந்தது. ஓரங்கள் சுருண்டு நொறுங்கின. கொழுந்து நுனி கரிந்து தொங்கியது.

"பாப்பா, இதப் பாரு. தை பொறந்தா பூ எடுக்கற நேரம். பூவும் இப்பிடிக் கருகுச்சின்னா இந்த வருசம் கொட்டையே கெடையாது. பொங்கலுக்கு மேல சூளையக் கொளுத்தாத."

"பொகைதான்னு யாருண்ணா சொன்னது?"

"யாரு சொல்லணும்? கண்ணு தெரியிலியா? ஒன் சூளைக்குக் கிட்ட இருக்கற மரந்தான் கருகுது. தள்ளி இருக்கறதெல்லாம் பச்சையா நிக்கிது."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் குடியிருக்கும். அன்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். பாகம் பிரித்ததில் தொடங்கி, என் கல்யாணத்துக்கு அவர் எடுத்துத் தந்த புடவையின் நிறம் வரைக்கும் போனேன். அவர் கிளையை வாசலிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகு நானும் தோப்புக்குள் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். சூளைக்குப் பக்கத்து வரிசைகள் சீக்காக நின்றன, உள்ளே போகப் போக மரங்கள் நன்றாக இருந்தன. அந்த உண்மைதான் என் கோபத்தை இரண்டு மடங்காக்கியது.

இன்னொன்றும் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. கொலு வேலைக்காகப் புரட்டாசியில் அடிக்கடி சூளை போட்டேன் அல்லவா, அப்போதிலிருந்தே அண்ணன் சாயங்காலமானால் தோப்புக்கு வந்து மோட்டாரைப் போடுவார். நீளமான பச்சைக் குழாயை இழுத்துக்கொண்டு போய், மரங்களின் உச்சியிலிருந்து இலை இலையாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார். மழை பெய்யாத நாளெல்லாம் இது நடந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கழுவுவது ஒரு பழக்கம். கரி படிந்த பைக், கரி படிந்த துளசிச் செடி, கரி படிந்த பால்கனிக் கம்பி, எதுவானாலும் குழாயைத் திருப்பிவிடுவார்கள். ஆனால் அவர் என் கண்ணெதிரில் நின்று என் புகையைக் கழுவியது எனக்குப் பொறுக்கவில்லை. ஊருக்கே காட்டுவதற்காகச் செய்கிறார் என்று நினைத்தேன். அவர் குழாயை எடுத்தால் நான் கொட்டகைக் கதவைச் சாத்திவிடுவேன்.

மார்கழி பிறந்தது. பொங்கலுக்கு நாள் நெருங்கியது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு ஒரு தட்டு ஆர்டர் இருந்தது. ஈரக் களிமண்ணைத் தகடாகத் தட்டி, அதன்மேல் ஒரு முந்திரி இலையை வைத்து உருட்டுக்கட்டையால் அழுத்தினால் நரம்பெல்லாம் மண்ணில் பதியும். இலையை எடுத்துவிட்டுச் சுட்டால் இலைத் தட்டு. பாதி முடிந்த தட்டுகள் காய்ந்துவிடாமல் இருக்க அவற்றை ஈரப்பெட்டியில் வைப்போம். அது ஒன்றும் பெரிய சாமானில்லை. மீன் வருகிற தெர்மகோல் பெட்டி. அடியில் தண்ணீர் குடித்த பிளாஸ்டர் பலகை, மேலே மூடி. அவ்வளவுதான். உள்ளே மண் நாள்கணக்கில் அப்படியே ஈரமாக இருக்கும்.

அந்த வாரம் சில தட்டுகளில் இலையை எடுக்காமலே பெட்டியில் வைத்திருந்தேன். கோபத்தில் அண்ணன் மரத்திலேயே போய்ப் பறித்த இலைகள். நல்லது கெட்டது பார்க்காமல் பறித்ததில் சீக்கு இலையும் ஒன்றிரண்டு சேர்ந்துவிட்டது. நடுவில் எங்கள் வீட்டில் ஒரு விசேஷம் வந்து இரண்டு மூன்று நாள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. திரும்பி வந்து மூடியைத் திறந்தேன்.

பச்சை இலைகள் பச்சையாகவே இருந்தன. சீக்கு இலையின் பழுப்புத் திட்டுகளில் மட்டும் ஏதோ மினுங்கியது. கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு குனிந்து பார்த்தேன். இளஞ்சிவப்பு நிறத்தில், கடுகை விடச் சின்னதாக, கொழகொழவென்று சொட்டுச் சொட்டாகப் பூத்திருந்தது. ஒரு திட்டில் அவை வட்டம் போட்டு நின்றன. வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். பெட்டியில் வைக்கும்போது அது இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும், நான்தான் அதன்மேல் கட்டையை உருட்டினேன்.

புகையில் கருகிய இலை என்றால் அது செத்த இடம். சுட்ட பொம்மை மாதிரி, அதற்குமேல் அதில் ஒன்றும் நடக்காது. இதில் நடக்கிறது. இந்தக் கருப்புக்குள் ஏதோ உயிரோடு இருக்கிறது. ஈரம் பட்டதும் எழுந்து வெளியே வருகிறது.

"அக்கா, இங்க வாங்க. இது கருகல் இல்ல. இது என்னாமோ மொளைக்கிது."

அக்கா எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். "தூக்கிப் போடும்மா, கையில ஒட்டிக்கப் போவுது."

தூக்கிப் போடுவதா? தட்டோடு அள்ளிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். கார்த்திகையிலிருந்து அந்த வாசலை மிதிக்காதவள் நான் என்பதுகூட நினைவில்லை. அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டை அவருடைய சோற்றுக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

அவர் பொறுமையாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஈரத்துல மூடி வச்சா எதுலதான் பூசணம் பூக்காது? பழைய ரொட்டியக்கூடத்தான் வச்சிப் பாரேன். அதுக்காவ ரொட்டிக்கு வியாதின்னு சொல்லுவியா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கொட்டகைக்குத் திரும்பி நடக்கும்போதே யோசித்தேன். கேட்டது நியாயமான கேள்வி. அவரிடமிருந்து நியாயமான கேள்வி வந்ததில்தான் எனக்கு எரிச்சல்.

அதற்கு விடை கண்டுபிடிக்க எனக்கு வழியும் தெரியும். சூளை வைத்திருக்கிற யாரும் பளபளப்புக்காகப் பூசுகிற புது கிளேசை நேராகப் பொம்மையில் பூசிவிட மாட்டோம். முதலில் சின்னச் சின்ன மண் வில்லைகளில் பூசி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகச் சுட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். டெஸ்ட் பீஸ் என்போம். எது எதனால் ஆனது என்று அப்போதுதான் தெரியும். இலைக்கு மட்டும் ஏன் அதைச் செய்யக்கூடாது என்று தோன்றியதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அன்று சூளையில் விளக்குகளை அடுக்கிச் சுட்டுக்கொண்டிருந்தோம். தோப்பின் உள்பக்கத்து மரத்திலிருந்து சுத்தமான இலைகளைப் பறித்து வந்தேன். ஒன்றைச் சூளைக்குள் நெருப்பைப் பார்க்கிற ஓட்டையில் இடுக்கியால் பிடித்துப் பொசுக்கினேன். ஒன்றைப் புகைபோக்கியின் வாயில் நன்றாகப் புகை அடிக்கும்படி கட்டித் தொங்கவிட்டேன். ஒன்றின்மேல் சூளைக் கரியையே விரலால் தேய்த்தேன். இவற்றோடு ஒரு நல்ல இலை, இரண்டு சீக்கு இலை. எல்லாவற்றையும் தனித்தனி மண் தட்டில் வைத்து, ஒரே ஈரப்பெட்டியில் அடுக்கி மூடினேன்.

காத்திருப்பது எனக்கு வராது. சூளையைக்கூட ஆறுவதற்கு முன்னால் திறந்து நாலு பொம்மையைக் கீறல் விடவைப்பவள் நான். பெட்டிமேல் ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்த அக்கா, "இதத் தொட்டீன்னா நான் வேலைய வுட்டு நின்னுடுவேன்" என்றார். அவர் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் அந்தச் செங்கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

கடைசியில் ஒருநாள் காலை அக்காவே கல்லை எடுத்தார். நல்ல இலை பச்சையாக இருந்தது. கரி தேய்த்த இலை, கரியைத் துடைத்தால் பச்சை. புகை அடித்தது மங்கலாக வாடிக் கிடந்தது. பொசுக்கிய இலையின் பழுப்பு, பொசுக்கியபோது எவ்வளவு இருந்ததோ அவ்வளவே இருந்தது. அதன் காம்பில் மட்டும் அண்ணன் சொன்ன ரொட்டிப் பூசணம் போல் கொஞ்சம் வெள்ளைப் பஞ்சு. சீக்கு இலை இரண்டிலும் அதே இளஞ்சிவப்புச் சொட்டுகள், அதே வட்டம். வேறு எதிலும் அது இல்லை.

நான் அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா, கை பூரா மண்ணு" என்றார் அவர். ஆனால் விலகவில்லை.

இந்த முறை அண்ணனிடம் ஓடவில்லை. ஊரிலேயே முந்திரி ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. பெட்டியை ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக் காலால் அணைத்துக்கொண்டு ஓட்டினேன். பயிர் நோய் பார்க்கிற மேடம் என்னைவிட ரொம்பச் சின்னவர். தெர்மகோல் பெட்டியைப் பார்த்துவிட்டு முதலில், "மீனுங்களா?" என்று கேட்டார். மூடியைத் திறந்து காட்டி, ஒவ்வொரு தட்டும் என்ன என்று சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"நாங்களும் இதத்தாங்க செய்வோம். கண்ணாடித் தட்டுல, ஈரப் பேப்பர் போட்டு. நீங்க எங்க படிச்சீங்க?"

"களிமண்ணு காயாம இருக்க வச்சதுங்க மேடம். தானா அமைஞ்சது."

அவர் ஊசியால் ஒரு சொட்டைத் தொட்டுக் கண்ணாடிச் சில்லில் தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்துத் திருகினார். பிறகு சிரித்துக்கொண்டே எழுந்து, "நீங்களே பாருங்க" என்று இடம் விட்டார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். முதலில் என் இமைமுடிதான் தெரிந்தது. அப்புறம், வெளிச்சமான வட்டத்துக்குள், சீரகச் சம்பா அரிசியை வாரி இறைத்த மாதிரி ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன மணிகள். எல்லாம் ஒரே அளவு, இரண்டு முனையும் உருண்டை. ஒரு மாதமாக என்னைத் தூங்கவிடாமல் செய்தவை இவைதானா என்று அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். 

"ஆந்த்ராக்னோஸ்னு சொல்லுவோம். பூஞ்சாணங்க. இதெல்லாம் அதோட வித்து. தளிரு, கொழுந்து, பூ, எல்லாத்துலயும் வரும். ஒங்க சூளைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. சீக்குக் கெளைய வெட்டி எரிச்சிடுங்க, தோப்புல போட்டு வைக்காதீங்க. மருந்து எழுதித் தரேன்." எழுதிக்கொண்டே கேட்டார்: "ஆனா எனக்கு ஒண்ணு புரியில. மழை வுட்டு இத்தன நாளாச்சி. வெயில்ல இது அடங்கியிருக்கணும். இந்த வித்து காத்துல அவ்வளவாப் போவாது, தண்ணி தெறிச்சித்தான் பரவும். மரத்துமேல யாராவது தண்ணி அடிக்கிறீங்களா?"

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு, பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

நேராகத் தோப்புக்குத்தான் போனேன். மோட்டார் என் கொட்டகைக்குப் பின்னால், சூளைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பச்சைக் குழாய் சுருண்டு கிடந்தது. அதன் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு மரங்களுக்குள் நடந்தேன். முதல் வரிசை, சீக்கு. அடுத்தது, சீக்கு. அதற்கடுத்தது. புடவை முள்ளில் மாட்டியதைக்கூட நின்று எடுக்கவில்லை. நாலாவது வரிசையில் குழாய் விறைத்துக்கொண்டு நின்றுவிட்டது. அங்கிருந்து பீய்ச்சினால் இன்னும் ஒரு வரிசை நனையும். குழாயைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன், அந்த வரிசையும் சீக்கு. அதைத் தாண்டிப் போனேன். அடுத்த மரத்தின் கொழுந்தை வளைத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அதற்குப் பக்கத்து மரமும் சுத்தம். அந்த வரிசை முழுக்க ஓடிப் பார்த்தேன்.

நோய் சூளையிலிருந்து அளந்து வந்து நிற்கவில்லை. குழாயின் நீளத்தை அளந்து நின்றிருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அண்ணனிடம் சொல்ல வேண்டியதைச் சேர்த்துக்கொண்டே போனேன். என் சூளை இல்லை, உன் தண்ணீர். என் கரி இல்லை, உன் கை. ஒரு மாதமாக வாங்கிக்கட்டிக்கொண்டதற்கெல்லாம் சேர்த்து நறுக்கென்று நாலு வார்த்தை. அவ்வளவு சந்தோஷமாக நான் சண்டைக்குப் போனதே இல்லை.

அண்ணன் இல்லை. அண்ணி வாசலில் முறம் வைத்துப் புடைத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். பூஞ்சாணம், அரிசிமணி, குழாய் நீளம் எல்லாம். முடிக்கும்போது, "தெனம் சாயங்காலம் ஊருக்குக் காட்டிக் காட்டிக் கழுவுனாரில்ல, அதாங்க அண்ணி எல்லாத்துக்கும் காரணம்" என்றேன்.

அண்ணி முறத்தைக் கீழே வைத்தார்.

"யாருக்குக் காட்ட? கொலு நேரத்துலயே அல்லாரும் சொன்னாங்க, தங்கச்சி சூளைய மூடச் சொல்லிடுன்னு. ஒங்க அண்ணனுக்குத்தான் மனசு வரல. கரியக் கழுவிட்டா மரம் தேறிடும், பாப்பாகிட்ட சொல்ல வேண்டியதே இல்லன்னு சொல்லிக்கிட்டு, சோறு ஆறிப்போனாலும் பரவாயில்லன்னு தெனம் அங்கதான் நின்னாரு. முடியாமப் போயித்தான் ஒங்கிட்ட வந்து சொன்னாரு. சொல்லிட்டு வந்து அன்னிக்கி சாப்புடல."

நான் சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. புரட்டாசியிலிருந்து அவர் குழாயை எடுத்தபோதெல்லாம் நான் சாத்திய கதவு மட்டும் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, அண்ணனை உடனே பார்க்க வேண்டும்போல் இருந்தது.

அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தபோது நான் இன்னும் வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"என்னா பாப்பா, இன்னைக்கி என்னாத்தக் கொண்டாந்த?"

"ஒண்ணுமில்லண்ணா. அது பூஞ்சாண நோயாம். மேடம் பாத்துட்டாங்க. மருந்து இருக்குதாம். சீக்குக் கெளைய வெட்டி எரிக்கணுமாம்." கொஞ்சம் நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "இலைய நனைக்காம இருந்தா நல்லதாம். தண்ணி தெறிச்சா பரவுமாம்."

அவர் நின்றுகொண்டே இருந்தார். தோப்பை மனசுக்குள் நடந்து பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வரிசையாக, குழாய் எட்டுகிற இடம் வரைக்கும். பிறகு தன் உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவை ஈரமாக இல்லை.

"அப்ப நாந்தானா" என்றார்.

"மழைதாண்ணா கொண்டாந்தது" என்றேன். அதுவும் பொய்யில்லை.

பொங்கல் முடிந்த வாரம் சீக்குக் கிளைகளை வெட்டினோம். அண்ணன் வெட்டினார், அண்ணியும் அக்காவும் கட்டினார்கள். எங்கே எரிப்பது என்ற பேச்சே வரவில்லை. அண்ணன் முதல் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து, என் சூளை வாயில் போட்டார். உள்ளே நான் இலைத் தட்டுகளை அடுக்கி வைத்திருந்தேன். ஈரக் கிளை என்பதால் புகை வழக்கத்தைவிட அதிகம். கண்ணெல்லாம் எரிந்தது. அவர் குந்தி உட்கார்ந்து, கம்பால் தள்ளித் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் எரியும்?"

"நல்லா இருட்டிடும். நீங்க வூட்டுக்குப் போங்கண்ணா, நான் பாத்துக்கறேன்."

"இருக்கேன்."

சாயங்காலம் காற்று நின்றுபோய், புகை தாழ்வாகத் தோப்பின்மேல் படுத்தது. முன்வரிசை மரங்களின் வெட்டுப் படாத கிளைகளில் பூ வந்திருந்தது. கரித்துகள் பொடிப்பொடியாக அந்த இலைகளின்மேல் இறங்குவதை இரண்டு பேருமே பார்த்தோம். அண்ணன் சட்டென்று எழுந்தார். மோட்டார்ப் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்து, இன்னொரு கிளையைச் சூளைக்குள் தள்ளினார்.